நாலு விரல் காகிதம்

அந்த நிலக்கரிச் சுரங்கத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். மற்ற எல்லோரையும் அவரவர் வேலையைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஒருத்தியை மட்டும் குணத்தைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெரியவர்களுக்கு அவள் சேட்டை, சின்னவர்களுக்குச் சேட்டை அக்கா. சம்பளச் சீட்டில் இருந்த பெயர் வேறு யாருடையதோ என்று அவளுக்கே சில மாதம் சந்தேகம் வரும்.

ஆவண அறை அவளுடைய ராஜ்ஜியம். அலுவலகத்தின் பின்பக்கம், கழிவறைக்கும் மாடிப்படிக்கும் நடுவில், கரித்தூள் படிந்த ஒரே ஜன்னலோடு அது இருந்தது. மூன்று சுவரிலும் இரும்பு அலமாரிகள். சுரங்கக் கூரையைத் தாங்குவது எப்படி, விஷவாயுவை அளப்பது எப்படி, பாறை எந்தப் பக்கம் சாயும், தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்றெல்லாம் பொறியாளர்கள் எழுதிக் குவித்த புத்தகங்கள் அவற்றில் அடைந்து கிடந்தன. பொறியாளர்கள் எழுதும் வாக்கியம் இருக்கிறதே, அதில் வினைச்சொல் வந்து சேர்வதற்குள் ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் இறங்கிவிடும். அத்தனையையும் அட்டை முதல் அட்டை வரை படித்த ஒரே ஜீவன் அவள்தான். அறிவுத் தாகமெல்லாம் ஒன்றும் இல்லை. பொழுது போகவில்லை.

மற்றவர்கள் படிப்பதில்லை என்பது அவளுக்குப் பெரிய வேடிக்கை. பாதுகாப்புக் கையேட்டின் புதிய பதிப்பைத் தட்டச்சு செய்தபோது, நாற்பத்தேழாம் பக்கத்தில் காற்றோட்டக் கதவுகளுக்கும் தீயணைப்புக்கும் நடுவே ஒரு வரியைச் சொருகினாள்: 'இதைப் படிப்பவர் ஆவண அறைக்கு வந்தால் ஒரு பொட்டலம் பிஸ்கட் இலவசம்.' நானூற்றுப் பதினொரு பேர் 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரும் பிஸ்கட் கேட்டு வரவில்லை. ஆறு மாதம் காத்திருந்துவிட்டு, நமத்துப்போகும் முன் அவளே தின்று முடித்தாள்.

இன்னொரு தடவை, தன் சீப்பை ஈரக் களிமண்ணில் அழுத்திக் காயவைத்து, கரிமேட்டில் போட்டுவிட்டாள். அதைக் கண்டெடுத்த நிலவியலாளர் கண்கலங்கிப் போனார். பல கோடி ஆண்டுப் பழமையான பெரணி இலையின் பதிவு என்று மூன்று வரி எழுதி, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். ஒரு மாதம் கழித்து அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதே சீப்பால் அவள் தலை வாரினாள். அன்றிலிருந்து அந்த மனிதர் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சுரங்க மேலாளர் கதை வேறு. அவருக்கு ஒரு நாளைக்கு நாற்பது தாள் கையெழுத்துக்குப் போகும். எங்கே போட வேண்டும் என்று சேட்டை பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்புவாள். அவர் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு, குறி இருக்கும் இடத்தை மட்டும் பார்த்துக் கிறுக்கிக்கொண்டே போவார். ஒருமுறை கேன்டீன்காரர் எழுதிய டீ விலைப் பட்டியலிலும் குறி போட்டு வைத்துப் பார்த்தாள். அதற்கும் மேலாளரின் ஒப்புதல் கிடைத்தது.

வீட்டில் அவளும் தம்பியும்தான். இரண்டு அறை கொண்ட கம்பெனி வீடு. தம்பி சுரங்கத்தின் வடகிழக்கு முகப்பில், அதாவது கரி வெட்டிக்கொண்டே முன்னேறும் முனையில், துளை போடும் இயந்திரத்தை ஓட்டுபவன். அவனை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். அதை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக் காட்டுவாள். அவன் காதில் வாங்கமாட்டான்.

ஒரு திங்கள்கிழமை, மழை பிடித்துக்கொண்டு மின்சாரமும் போய்விட, ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய அளவைக் கையேடு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் இதே சுரங்கத்தில் வழிகளை அளந்து வரைபடம் போடும் அளவையாளராக இருந்த ஒருவர் எழுதியது. அதன் முன்னுரையில் மனிதர் சுயபுராணம் பாடியிருந்தார். நடுவே ஒரு வரி: 'யான் வரைந்த வரைபடங்கள் யாவற்றிலும் வடக்கு என்பது திசைகாட்டியின் ஊசி காட்டும் வடக்கே ஆகும், ஒவ்வொன்றின் மூலையிலும் இதனைக் குறித்துள்ளேன்.'

மூலை என்ற சொல்லில் அவள் கண் நின்றுவிட்டது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், அவள் வேலையில் சேர்ந்த புதிதில், அந்த அளவையாளரின் வரைபடம் ஒன்றைப் பிரதி எடுக்கச் சொன்னார்கள். வெட்டி எடுத்துக் கைவிட்ட பழைய சுரங்க வழிகளின் படம் அது. அந்த வழிகளில் இப்போது கூரை முட்டத் தண்ணீர் நிற்கிறது. பிரதிக்குக் கொடுத்த தாள் நாலு விரல் குறைவாக இருந்தது. வேறு தாள் வேண்டுமென்றால் மூன்று படிவம் எழுத வேண்டும். மூலையில் வெறும் எழுத்துத்தானே, கோடு ஒன்றும் இல்லையே என்று அதை விட்டுவிட்டுப் பிரதி எடுத்து முடித்தாள். மூலப்படத்தைக் கரையான் தின்றது. இப்போது எல்லோரும் நம்பி வேலை செய்வது அவள் பிரதியை. மூலைக் குறிப்பு அதில் இல்லாததால், படத்தின் வடக்கை உண்மையான வடக்கு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஊசி காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல. அந்தக் காலத்தில் அந்த இடத்தில் இரண்டுக்கும் நாலு பாகை வித்தியாசம். நாலு பாகைதானே என்று தோன்றும். சுரங்க வாயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் அது எழுபது மீட்டர் ஆகிவிடும். தம்பி வேலை செய்யும் முகப்புக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவில் நூறு மீட்டர் கரி இருப்பதாகப் படம் சொன்னது. உண்மையில் இருந்தது முப்பது. முகப்பு நாளைக்கு நாலு மீட்டர் முன்னேறிக்கொண்டிருந்தது.

கையேட்டைத் தூக்கிக்கொண்டு நிலவியலாளரிடம் ஓடினாள்.

"சார், வடகிழக்கு முகப்பு பழைய தண்ணிக்கு ரொம்பக் கிட்டப் போயிடுச்சு. இதைக் கொஞ்சம் பாருங்க."

அவர் பார்க்கவில்லை. "இந்தத் தடவை என்ன, பவுடர் டப்பாவா?"

"சத்தியமா விளையாடல சார்."

"பெரணி இலைக்கும் நீங்க இதே மூஞ்சியத்தான் வச்சுக்கிட்டு இருந்தீங்க. போங்க, வேலையப் பாருங்க."

மேலாளரிடம் போனாள். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார். பழைய வரைபடத்தைப் படியெடுத்தபோது எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது என்று சொன்னாள். யார் படியெடுத்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. நாக்கு வரைக்கும் வந்தது, பிறகு உள்ளே போய்விட்டது. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன?

"இப்ப இருக்கிற அளவையாளர் கண் ஆபரேஷனுக்குப் போயிருக்காரு. எட்டு நாள்ல வந்துடுவாரு. அவர் பார்க்கட்டும்."

"எட்டு நாள்னா முப்பத்திரண்டு மீட்டர் சார். நடுவுல இருக்கறதே முப்பதுதான்."

"உங்களுக்கு நேரம் போகலைன்னா அந்த அலமாரியத் தூசி தட்டுங்க. மாசக் கடைசி, உற்பத்தி குறையுதுன்னு எனக்கு மேல இருந்து நெருக்குறாங்க."

அன்று தம்பியிடம், "நாளைக்கு லீவு போடுடா" என்றாள். ஏன் என்று கேட்டான். காரணத்தைச் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். இவள் ஒரு வருடம் முன்பு அவனுடைய ஹெல்மெட் விளக்கில் சிவப்புக் காகிதம் ஒட்டி அனுப்பியிருந்தாள். முகப்பில் இருந்த அத்தனை பேரும் அபாய விளக்கு என்று நினைத்துப் பாதி வழி ஓடிவந்தார்கள். அப்படிப்பட்ட அக்கா சொல்வதை எவன் நம்புவான்? தன் வினைக்குத் தானே பலியாவது என்றால் அவளுக்குச் சம்மதம். ஆனால் முகப்பில் தம்பியோடு சேர்த்து இருபத்தெட்டு பேர் இருந்தார்கள்.

படுத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. யோசிக்க யோசிக்க ஒன்று பிடிபட்டது. இந்தச் சுரங்கத்தில் யாரும் புத்தகத்தை நம்புவதில்லை, இவளை நம்புவதில்லை, ஆனால் கையெழுத்தை எல்லோரும் நம்புகிறார்கள்.

மறுநாள் காலை தட்டச்சுப் பொறியில் உட்கார்ந்தாள். பழைய சுரங்க வழிகள் அறுபது மீட்டருக்குள் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், கரி வெட்டுவதை நிறுத்தி, முகப்பிலிருந்து நீளமான துளை போட்டுப் பார்த்த பிறகே நகர வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி எண்ணை எழுதினாள். துளையின் வாயில் தண்ணீரை அடைக்கும் வால்வு பொருத்தியிருக்க வேண்டும் என்று எழுதினாள். பொறியாளர் பாணியில் ஒரு பக்கத்துக்கு ஒரே வாக்கியம். நாற்பது தாளில் இருபத்து மூன்றாவதாக அதைச் செருகி, பென்சில் குறி போட்டு, உள்ளே அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் நாற்பதும் கையெழுத்தோடு திரும்பி வந்தன.

புதன்கிழமை காலை முகப்பில் கரி வெட்டுவது நின்றது. பத்தரைக்கு மேலாளர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. அவர் முகம் பழுத்த தக்காளி மாதிரி இருந்தது.

"இது என்ன?"

"உங்க உத்தரவு சார். ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க."

"நான் எப்ப எழுதினேன்?"

"அப்படின்னா ரத்து பண்ணிடலாம் சார். படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, உடனே அடிச்சுத் தர்றேன்."

மேலாளர் பேனாவை எடுத்தார். வைத்துவிட்டார். அவருடைய பதினெட்டு வருட சர்வீஸில் இப்படி ஒரு வரியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் தர்றேன்" என்றார் கடைசியில். "தண்ணி வரலைன்னா உங்க சீட்டு கிழிஞ்சுது. நான் சும்மா சொல்லல."

புதன் பத்து மீட்டர். காய்ந்த துளை. வியாழன் பதினெட்டு மீட்டர். காய்ந்த துளை. தம்பி வீட்டுக்கு வந்து தோளைப் பிடித்துக்கொண்டு புலம்பினான்.

"எந்த அறிவாளி போட்ட உத்தரவோ தெரியல. கையெல்லாம் கழண்டு போச்சு. தூசியத் தவிர ஒண்ணும் வரல."

"மேலாளர் போட்டா காரணம் இருக்கும்டா" என்று தட்டில் சோற்றை அள்ளி வைத்தாள். உள்ளுக்குள் அவள் நிலைமை மோசமாக இருந்தது. தண்ணீர் வராவிட்டால் வேலை போகும். வந்தாலோ, அதற்கு எதிரில் முதல் ஆளாக நிற்கப்போகிறவன் இவன். வர வேண்டும் என்று வேண்டுவதா, வேண்டாம் என்று வேண்டுவதா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளி பகல் இரண்டு மணி. இருபத்து மூன்றாவது மீட்டரில் துளைக்கம்பி தானாக முன்னால் வழுக்கியது. அடுத்த நொடி கறுப்புத் தண்ணீர் பீறிட்டு, தம்பியை நெஞ்சோடு அடித்து மூன்றடி பின்னால் தள்ளியது. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தொங்கிப் பிடித்து வால்வை மூடினார்கள். இருபத்தெட்டு பேரும் மேலே வந்தார்கள். தொப்பலாக நனைந்து, பல் கிட்டிக்க நின்ற தம்பியைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அவள் ஆவண அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரைமணி நேரம் அழுதாள்.

சுரங்கமே மேலாளரைக் கொண்டாடியது. தீர்க்கதரிசி என்றார்கள். நிலவியலாளர் தனக்கும் முன்பே ஒரு சந்தேகம் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இந்தச் சம்பவத்தைப் பற்றி மற்ற சுரங்கங்கள் படித்துப் பயன்பெறும்படி ஒரு தொழில்நுட்பக் கட்டுரை எழுதுமாறு மேலிடத்திலிருந்து மேலாளருக்குச் சொன்னார்கள். அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள். ஆறாம் பக்கத்தில் 'காரணங்கள்' என்ற தலைப்பின் கீழ் அவர் சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொடுத்தாள்.

இந்தத் தடவை அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். ஆறாம் பக்கத்தில் நின்றார்.

"'தாள் போதாததால் பிரதி எடுத்த வரைவாளர் மூலைக் குறிப்பை விட்டுவிட்டார்.' யாரு அது?"

"நான்தான் சார்."

மேலாளர் தாளை மேசைமேல் வைத்தார்.

"இத எடுத்துட்டாலும் கட்டுரை நல்லாத்தான் இருக்கும்."

"எடுத்துட்டா இன்னொரு சுரங்கத்துல இன்னொருத்தி மூலைய வெட்டுவா சார். தாள் குறையறது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான்."

அவர் பேனாவை எடுத்தார். தன் வரியை அடித்துவிடப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் அதற்குக் கீழே தன் கையால் எழுதினார்: 'நேரில் வந்து எச்சரித்தபோது மேலாளர் கேட்கவில்லை.' எழுதிவிட்டு, "தீர்க்கதரிசின்னு கூப்பிடறானுங்க, தூக்கமே வரல" என்றார்.

அனுப்புவதற்கு முன் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தம்பி முன்னால் வைத்தாள். அவன் படிக்கிற ஆள் இல்லை. ஆனாலும் படித்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"நீ வெட்டினதா?"

"ஆமாடா."

"பன்னிரண்டு வருஷமா நாங்க அந்தப் படத்த நம்பித்தான் இறங்கினோம்."

அவள் அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவன் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, தாளை மறுபடி எடுத்தான்.

"வரைவாளர்னு போட்டிருக்கே. உன் பேரு எங்க?"

"பேரு எதுக்குடா?"

"அங்க இருபத்தெட்டு பேர் நின்னோம்கா. யாரைத் திட்டணும், யாருக்கு நன்றி சொல்லணும்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா? ரெண்டும் ஒரே ஆளா இருந்தா அதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?"

காலையில் தட்டச்சுப் பொறியில் தன் பெயரை முழுதாக அடித்தாள். அடித்த தாளின் பிரதி ஒன்றை, சுரங்கத்தில் இறங்கும் முன் எல்லோரும் விளக்கு வாங்கும் அறையின் சுவரில் தம்பியே ஒட்டினான். அந்த வாரம் முழுக்க ஆவண அறைக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சிலர் திட்டினார்கள். சிலர் நன்றி சொன்னார்கள். கூரைக்குக் கட்டை நிறுத்தும் தச்சர் இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு, கடைசியில் அழுதுவிட்டார். எல்லோரும் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று, ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல், கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டாள்.