மாமாவைத் தோற்கடித்த தெரு

என் மாமா சைக்கிள் ரிப்பேர்காரர். எங்கள் எம்.எல்.ஏ.வும் அவர்தான். இரண்டுக்கும் சேர்த்து ஊர் வைத்த பெயர் பஞ்சர். "பஞ்சர் இருக்காரா?" என்று கேட்டு வருபவர் ட்யூபோடு வருகிறாரா, குறையோடு வருகிறாரா என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவர் தனியாக அலுவலகம் திறக்கவில்லை. ரயில்வே கேட்டை ஒட்டிய அதே கடைதான். கேட் மூடினால் காத்திருப்பவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மாமா ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டே சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, மாமியார் சண்டை எல்லாவற்றையும் கேட்பார். "சரி, நாளைக்கு நானே வந்து பாக்குறேன்" என்பார். வந்தும் விடுவார். அவருடைய மொத்த அரசியலும் அவ்வளவுதான்.

அவரால் ஆகாதது அந்தக் கேட் ஒன்றுதான். மேம்பாலம் கேட்டுப் போன இடமெல்லாம் "ரயில் மத்திய அரசுதுங்க, எங்க கையில இல்ல" என்றார்கள். ஒருநாள் எங்கள் தெருத் தையல்கார அக்காவின் மகள் பிரசவ வலியோடு, மூடிய கேட் முன்னால் ஆட்டோவில் காத்திருந்தாள். ரயில் வருவதற்குள் குழந்தை வந்துவிட்டது. மாமா கிரீஸ் கையைத் துடைத்தார். "இங்க இருந்து கத்திப் பிரயோஜனம் இல்ல. பார்லிமென்ட்டுக்கே போயிடறேன்."

வீட்டில் முதல் பட்டதாரி என்பதால் பேச்சு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அந்நிய முதலீடு, மாநில உரிமை என்று பக்கம் பக்கமாக எழுதினேன்.

மாமா பொறுமையாகப் படித்தார். "நல்லாருக்கு பட்டதாரி. இத யாரு பேசப் போறா?"

வெளியூர்களில் அவர் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை. கழன்ற செயினோடு ஒருவர் சைக்கிளைத் தள்ளிப்போனால் பிரச்சார ஜீப்பிலிருந்து குதித்து மாட்டிக்கொடுப்பார். கூட்டம் சொக்கிப்போனது.

கடைசிக் கூட்டம் எங்கள் தெருவில். தையல்கார அக்கா எழுந்தார். "ஜெயிச்சா எங்க இருப்பீங்க?"

"உங்கள் இதயங்களில்" என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். மாமாவுக்குப் பொய் வராது. "தலைநகர்லதான். வந்தாலும் மத்த ஊரெல்லாம் சுத்தணுமே."

"அப்ப கடை?"

"பூட்டத்தான் வேணும்."

கூட்டம் கப்சிப்பென்று ஆனது. மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். படித்த புத்தி.

வாக்கு எண்ணிக்கையில் வெளியூர்களில் எல்லாம் மாமாதான் முன்னால். எங்கள் ஊர் மட்டும் பாக்கி இருந்தபோது இனிப்பு டப்பாவைப் பிரித்துவிட்டோம். ஆனால் மாமாவை எதிர்த்து நின்ற, எங்கள் தெருப் பக்கமே தலைகாட்டாத ஜவுளிக்கடை முதலாளிக்கு எங்கள் ஊரில் ஓட்டு கொட்டியிருந்தது. மாமா தோற்றார்.

மறுநாள் காலை கேட் மூடியது. ஒன்றுமே நடக்காததுபோல் எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மாமா ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஓட்டுப் போட்டது யாரு? கை தூக்குங்க."

நான் தூக்கினேன். வேறு யாரும் தூக்கவில்லை.

"கோச்சுக்காதீங்க," என்றார் தையல்கார அக்கா. "உங்கள அனுப்பிட்டு சாக்கடையப் பத்தி யாருகிட்ட சொல்றது? ஜவுளிக்கடைக்காரர் போகட்டும். அவர் இல்லாட்டி இங்க யாருக்கு என்ன குறை? நீங்கதான் இன்னும் எம்.எல்.ஏ.வாச்சே."

"அட, உன் பொண்ணுக்காகத்தானே நின்னேன்!"

"அவளுக்குத்தான் பொறந்தாச்சே."

சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்த என் அம்மா பக்கம் மாமா திரும்பினார். "அக்கா, நீயுமா?"

"பின்ன? அந்த ஊர்ல உனக்கு யாருடா சோறு போடுவா?"

"அப்ப பாலம்?"

"பாலம் வந்தா கேட் கிடையாது. கேட் இல்லேன்னா யாருடா இங்க உக்காந்து உன்கிட்ட பேசுவா?"

அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் அவருக்குத்தான் போட்டேன். ஆனால் தலைநகரில் அவருக்கு ஓர் உதவியாளர் வேண்டியிருக்கும், அது நான்தான் என்று மனத்துக்குள் பெட்டி கட்டி வைத்திருந்தேன். அவரைக் கட்டிப்போட அவர்கள் போட்ட ஓட்டைவிட, நான் தொற்றிக்கொண்டு போகப் போட்ட ஓட்டு எந்த விதத்தில் ஒசத்தி?

கேட் திறந்தது. எல்லோரும் கிளம்பினார்கள். மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பட்டதாரி, அடுத்த தடவ வேற தொகுதியில நிக்கலாமா? நம்ம ஆளுங்க ஒருத்தருக்கும் ஓட்டு இல்லாத இடமா?"

"நிக்கலாம் மாமா. சட்டத்துல இடமிருக்கு."

"மெதுவாப் பேசு," என்றார் மாமா. "உங்கம்மா இன்னும் தூரமாப் போகல."