கஸ்பார் நிற்கும் இடம்

"ம், வா. வந்து அடி" என்று கையாட்டிவிட்டு, வண்டிக்கு நேர் எதிரே இருபதடி தள்ளி நின்றுகொள்கிறார் கஸ்பார். பிரேக் வேலை முடிந்தால் இப்படித்தான். வண்டிக்காரர் அவரைப் பார்த்து ஓட்டிவந்து, அவர் முன்னால் நிறுத்திக் காட்ட வேண்டும். போன மாதம் என் வண்டிக்கு இந்தக் கூத்து நடந்தபோது எனக்குக் குலை நடுங்கிவிட்டது. இனி இந்த ஆள் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று திட்டிக்கொண்டே குனோங் ராபாட்டிலிருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். இதோ, மறுபடியும் அவருடைய பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

புந்தோங்கில் ஒரு தகரக் கொட்டகை அவருடைய பட்டறை. தேய்ந்த பிரேக் டிஸ்க்கைக் கழற்றியதும் கட்டைவிரல் நகத்தால் அதன் முகத்தில் கோடு இழுப்பார். பள்ளத்தில் நகம் சிக்கினால் உதட்டைச் சுழிப்பார். பிறகு கனத்தை அளப்பார், மூன்று தடவை. கனம் இருந்தால் லேத்துப் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்குவார். ஒரு மயிரிழை குறைந்தாலும், "மெலிஞ்சிருச்சு. புதுசு போடுலா" என்பார். அதற்குமேல் கெஞ்சிப் பயனில்லை.

ஒரே ஒரு முறை இளகியிருக்கிறார். எழுபத்தேழில், தங்கை டோரிஸின் கணவர் அலெக்சாண்டர், கேமரன் மலைக்குப் புறப்படும் அவசரத்தில் வந்து நின்றார். டிஸ்க் மெலிந்துதான் இருந்தது. "மச்சான் வந்து கேக்குறப்போ முடியாதுன்னு எப்படிலா சொல்றது?" என்று என்னிடமே ஒருநாள் கேட்டார். கடைந்து மாட்டிக் கொடுத்தார். மலை இறக்கத்தில் சூடேறி டிஸ்க் உடைந்தது. அலெக்சாண்டர் வீடு திரும்பவில்லை. டோரிஸ் அண்ணனோடு பேசி ஏழு வருடமாகிறது.

இன்று காலை டோரிஸின் டாட்சன் காரைச் செமோரிலிருந்து ஓட்டிவந்தவன், அவள் பக்கத்து வீட்டு பஸ் கண்டக்டர் உடையப்பன். எந்தக் கடை என்று அவள் சொல்லவில்லையாம். இவனாகத்தான் இங்கே கொண்டுவந்தான். கஸ்பார் டிஸ்க்கைக் கழற்றினார், கோடு இழுத்தார், அளந்தார். ஐந்து தடவை அளந்ததை நான் எண்ணினேன். புதிய டிஸ்க் கோலாலம்பூரிலிருந்து வரப் பத்து நாளாகும். டோரிஸ் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தாதி.

"அக்கா திங்கக்கெழம டூட்டிக்குப் போவணும்ணே. கடைஞ்சு குடுத்தா போதும்னாங்க. நீங்க முடியாதுன்னா வேற கடைக்குக் கொண்டு போறேன்லா" என்றான் உடையப்பன்.

கஸ்பார் சம்மட்டியை எடுத்து மெலிந்த டிஸ்க்குகளை உடைத்துப்போட்டார். பிறகு ஜாக்கியை இழுத்துக்கொண்டு போய்த் தம் சொந்த டாட்சனின் முன்பக்கத்தைத் தூக்கினார். இரண்டும் ஒரே மாதிரி வண்டி. அவருடையதில் கிறிஸ்துமசுக்குத்தான் புது டிஸ்க் போட்டிருந்தார். அதைக் கழற்றித் தங்கை வண்டியில் மாட்டினார். அவர் வண்டி சக்கரமில்லாமல் கட்டைமேல் நின்றது.

"யாரு போட்டதுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்ணே?"

"கேக்க மாட்டா."

பிறகு வாசலில் போய் நின்றார். இருபதடியில் அல்ல, பத்தடியில். உடையப்பன் பயந்துகொண்டே வந்து பிரேக் அடித்தான். வண்டி அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. வழக்கமாக "சரி, போ" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுவார். இன்று குனிந்து, சூடாயிருந்த பானெட்டின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார். உடையப்பன் "அண்ணே, அண்ணே" என்று இரண்டு தடவை கூப்பிட்ட பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.