கேரளா போனான் என்று எழுதிக் கொடுத்தேன்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பீற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. திண்டுக்கல் டவுனில் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேலாக மூன்றாம் வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிய கை. கோவிலில் நோட்டீஸ் எழுத வேண்டுமென்றாலும், தெருவில் யாராவது கலெக்டருக்கு மனுக் கொடுக்க வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கையால் ஒரு நாள் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு ஒரே தம்பி. குட்டியானை என்று சொல்வோமே, அந்தச் சின்ன லோடு வண்டி ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி மேற்கே பக்கத்து மாவட்டத்துக் கடைகளுக்குப் போடுவான். எப்போதாவது கேரளாவுக்கும் போவான். முப்பது வயதிலேயே அவனுக்குச் சுகர் வந்துவிட்டது. காலையும் சாயங்காலமும் ஊசி போட்டுக்கொண்டால்தான் உடம்பு நிற்கும். மருந்தை ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் வைத்து சீட்டுக்குப் பின்னால் செருகியிருப்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. மாவட்ட எல்லைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவர். தம்பி தினமும் வண்டியை நிறுத்தி டீ குடிக்கிற கடை. என்றைக்கோ அவசரத்துக்கு இருக்கட்டும் என்று என் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறான்.

"ஏனுங்க, உங்க தம்பிய நாலு பேரு கார்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. யூனிபாரம் இல்லீங்க. ஆனா போலீஸ் கிராப்புங்க. வண்டி இங்கயேதான் நிக்குது."

பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் விட்டுவிட்டு, என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். வண்டியில் தக்காளியும் கத்தரிக்காயும் வெயிலில் கிடந்தன. சீட்டுக்குப் பின்னால் அந்த ஃபிளாஸ்க் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. போலீஸ் பிடித்துக்கொண்டு போனது ஒரு பயம். ஊசி இல்லாமல் பிடித்துக்கொண்டு போனது வேறு பயம்.

வழியில் மூன்று ஸ்டேஷனில் விசாரித்தோம். எல்லோரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள். எங்கள் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை என்றார்கள். ஒரு ஸ்டேஷனில் மட்டும் வாசலில் நின்ற ஒருவர், தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார் ஒயர் திருடுகிற கும்பலைத் தேடுகிறார்கள், அவர்களும் இதே மாதிரி வண்டியில்தான் வருகிறார்களாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வீட்டுக்கு வந்து மருந்தை ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்து வந்த நாட்களில் பாலெடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாலும் அதுதான் முதலில் கண்ணில் படும்.

இதையெல்லாம் ஊரறியச் சொல்லி அழுதிருக்க வேண்டும். அங்கேதான் நான் கெட்டேன்.

அந்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசித்து, இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். ஓலை வாசிப்பது என்போம். தம்பியைப் பிடித்த செவ்வாய்க்கு முந்தின ஞாயிறுதான் முதல் ஓலை வாசித்திருந்தார்கள். இன்னும் இரண்டு பாக்கி. பெண்ணின் தாய்மாமனைத் திருட்டுக் கேஸில் போலீஸ் அள்ளிக்கொண்டு போய்விட்டது என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? எனக்கு அந்த யோசனைதான் முதலில் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போயிருக்கிறான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். தம்பி பெண்டாட்டியையும் அப்படியே சொல்லச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். சரி மதினி என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமைவரை தகவல் இல்லை. பிடித்த ஆளை ஒரு நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று என் வீட்டுக்காரர் எங்கேயோ கேட்டு வந்து சொன்னார். இரண்டு நாள் ஆகியிருந்தது. எங்கள் பகுதி ஸ்டேஷனிலாவது எழுதிக் கொடுத்து வைப்போம் என்று போனோம். ரைட்டர் வெள்ளைத்தாளை நீட்டினார். எழுத உட்கார்ந்தேன். தலையைத் தூக்கினால் எதிர் மேஜையில் ஒரு பெண் போலீஸ். எங்கள் கோவில் பாடகர் குழுவில் முன் வரிசையில் நிற்கிற பெண். "என்ன டீச்சர், இந்தப் பக்கம்?" என்று சிரித்தாள். அவள் வாயில் ஒன்று விழுந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கோவில் முழுக்கத் தெரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. பாவம், அவள் நல்ல பெண்தான்.

பேனா தானாகத் திரும்பியது. 'என் தம்பி கடந்த செவ்வாய்க்கிழமை காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு கேரளா மாநிலம் சென்றவர் இதுவரை வீடு திரும்பவில்லை. கண்டுபிடித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' வரி கோணாமல், புள்ளி விடாமல் எழுதினேன். ரைட்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது டீச்சர் என்றார். எனக்கு அந்த நேரத்திலும் செத்த நேரம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. மனு ரசீதும் ஒரு நகலும் கொடுத்தார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை. தடை ஏதாவது தெரிந்தவர்கள் என்று சாமியார் வாசித்தபோது நான் திரும்பி வரிசைகளைப் பார்த்தேன். யாரோ எழுந்து நிற்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் எழவில்லை. பாட்டு ஆரம்பித்தது. எனக்கு வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கலாம் என்றார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பட்டா மாற்றவா போகிறோம், மனுஷன் உயிர் என்று கத்தினேன். ஃபிரிட்ஜில் அந்த மருந்து ஆறு நாளாகத் தொடாமல் இருக்கிறது. அவன் ஆறு நாளாக ஊசி இல்லாமல் இருக்கிறான், இருந்தால். அந்த 'இருந்தால்' வாயில் வந்ததும் தம்பி பெண்டாட்டி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றே மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

வக்கீல் என் வயதுப் பெண்மணி. நான் அழுதுகொண்டே சொல்லிய எல்லாவற்றையும் இடையில் பேசாமல் கேட்டார். இதற்கு ஆட்கொணர்வு மனு என்று பெயர், ஆளை வைத்திருப்பவர்கள் கோர்ட்டில் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார். அதை ஏன் திண்டுக்கல் கோர்ட்டிலேயே போடக் கூடாது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவருக்கு மதுரைக்கு அலைய வேண்டுமே என்ற கவலை.

"இந்த மனுவ ரெண்டே எடத்துலதான் போட முடியும் சார். ஹைகோர்ட்டு, இல்லாட்டி டெல்லி சுப்ரீம் கோர்ட்டு. உங்க ஊரு ஜட்ஜு நெனச்சாலும் முடியாது. அப்புறம், எந்த ஹைகோர்ட்டுன்னு பாக்கணும். ஆளப் புடிச்ச எடம் திண்டுக்கல் மாவட்டம்னா இங்க மதுரைக் கிளை. எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம் புடிச்சு அங்கயே வச்சிருந்தா சென்னை. கேரளாவுல இருக்கார்னா எர்ணாகுளம். டீக்கடை பலகைக்கு எந்தப் பக்கம்?"

இந்தப் பக்கம் என்றேன். பலகை கடைக்குப் பிறகுதான் வரும், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்படியென்றால் கவலையில்லை, நாளன்றைக்கே போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷனில் ஏதாவது எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டார். ரசீதையும் மனுவின் நகலையும் எடுத்துக் கொடுத்தேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"டீச்சர், இதுல கேரளா போயிட்டார்னு எழுதிருக்கீங்களே."

ஆமாம் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது தெரிந்தது, அடக்கிக்கொண்டார். அரசு வக்கீல் முதலில் இந்தத் தாளைத்தான் நீட்டுவார் என்றார். அக்காவே கேரளா என்கிறாள், காணாமல் போனவனைத் தேடச் சொல்கிறாள், யாரும் பிடித்ததாகச் சொல்லவில்லை, இந்தக் கோர்ட்டுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பார். நாமும் கேரளாவுக்குப் போனால், இங்கே அப்படி ஓர் ஆளே வரவில்லை என்பார்கள். அதற்குள் எத்தனை நாள் போகுமோ. இவ்வளவும் என் வாயால், என் கையால். நான் எழுதிய ஒரே வரியில் தம்பி எந்த ஊருக்கும் சொந்தமில்லாதவன் ஆகிவிட்டான்.

ஒரே வழிதான் இருக்கிறது என்றார் வக்கீல். எழுதியது பொய், எந்தக் காரணத்துக்காகப் பொய் எழுதினேன் என்று சத்தியப் பிரமாணம் செய்து நானே கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டும். டீக்கடைக்காரரும் கண்ணால் பார்த்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். கடை எந்த மாவட்டம் என்பதற்கு ஒரு தாள் வேண்டும்.

டீக்கடைக்காரர் லேசில் வழிக்கு வரவில்லை. தினமும் அவர்கள் போகிற வருகிற ரோட்டிலேதான் நான் கடை வைத்திருக்கிறேன், என்னை ஏன் இழுக்கிறீர்கள் என்று டம்ளர் கழுவிக்கொண்டே சொன்னார். அவர் பயம் நியாயமான பயம். தம்பி பெண்டாட்டி அவர் கடையிலேயே கீழே உட்கார்ந்துவிட்டாள். கெஞ்சவில்லை, அழவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. டீ குடிக்க வந்தவர்கள் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவர் உள்ளே போய்க் கடையின் கரண்ட் கார்டையும் ஊராட்சி வரி ரசீதையும் எடுத்துவந்தார். "எங்க கடை திண்டுக்கல்லுதானுங்க" என்று சொல்லிவிட்டு, எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்டார்.

பிரமாணத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சம்பந்தியம்மாவுக்கு நானே போன் போட்டேன். கோர்ட்டில் வாசித்த பிறகு அவர்கள் காதுக்குப் போவதைவிட நானே சொல்லிவிடலாம் என்றிருந்தது. முழுவதும் சொன்னேன். கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன். "எங்க அண்ணனையும் ஒரு தடவ இப்படித்தான் கொண்டுபோனாங்க. இதப் போயா மறச்சீங்க?" என்றார் அந்தம்மா. பிறகு, எந்த மருந்து, ஊசி போடாமல் எத்தனை நாள் தாங்கும் என்று விசாரித்தார். யாருக்குப் பயந்து எழுதினேனோ அவர்கள் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

புதன்கிழமை மனுவைப் போட்டார்கள். வியாழக்கிழமை எடுத்துக்கொண்டார்கள். வக்கீல் சொன்ன மாதிரியே அரசு வக்கீல் என் தாளைத் தூக்கிக் காட்டி, கேரளா என்றார். எங்கள் வக்கீல் டீக்கடைக்காரர் கையெழுத்தையும், வரி ரசீதையும், கடைசியில் என் பிரமாணத்தையும் வாசித்தார். என் மகளின் ஓலைக்காகப் பொய் சொன்னேன் என்கிற வரியை வாசித்தபோது நீதிபதிகளில் ஒருவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. பிடித்த இடம் எங்கள் எல்லைக்குள் வருகிறது, இந்த மனுவை நாங்கள்தான் கேட்போம், ஆள் எங்கே என்று நாளைக்குப் பதில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் பதில் வந்தது. நேற்றுச் சாயங்காலம்தான் ஒரு பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கைது செய்தோம், ரிமாண்ட் ஆகிவிட்டது, மாஜிஸ்திரேட் உடம்பைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார் என்றார்கள். பிடித்து ஒன்பது நாளுக்குப் பிறகு நேற்றாம். எந்த ஊர் போலீஸ் என்று நான் எழுதப் போவதில்லை. எங்கள் மனு அத்துடன் முடிந்தது. உயிரோடு இருக்கிறான் என்று அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் பார்க்க விட்டார்கள். பாதியாகியிருந்தான். வலது பாதத்தில் பெரிய கட்டு. கட்டிலோடு சங்கிலி. காவலுக்கு இருந்தவர் மரியாதைக்கு இரண்டடி தள்ளி நின்றார். கட்டைத் தொடப் போனேன், வேண்டாமென்று கையைப் பிடித்துக்கொண்டான். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"மொத ரெண்டு நாளு அவங்களுக்கே பயந்தான்க்கா. சுகரு ஊசின்னு சொன்னேன்ல, விட்டுருவோம்டா, செத்துகித்துப் போயிருவான்னு பேசிக்கிட்டாங்க. அப்புறம் ஒருத்தன் செல்லுல ஒரு தாளக் காட்டுனான். உன் வீட்டுலயே நீ கேரளாவுல இருக்கன்னு எழுதிக் குடுத்துட்டாங்க, இங்க யாரு வரப் போறான்னு சொன்னான். அதுக்கப்புறந்தான் அடிச்சாங்க."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எழுத்தப் பாத்தேன். உன் எழுத்து எனக்குத் தெரியாதா? நான் கேரளா போயிட்டேன்னு நெசமாவே நெனச்சியாக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று முகத்தில் தெரிந்தது. "இல்லடா, தெரிஞ்சேதான் எழுதுனேன்" என்றேன்.

அவன் என் கையை விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். திரும்பாமலே கேட்டான்.

"மூணாவது ஓலை நாளைக்குத்தானே?"

ஆமாம் என்றேன்.