கடைசிப் பதினாறு பக்கங்கள்

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் நான் தரப் பரிசோதகராக இருந்தபோது, உலகமே படிப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு மர்ம நாவலின் தமிழாக்கம் எங்கள் கம்பெனி பஸ்ஸுக்குள் நுழைந்தது. இருந்தது ஒரே பிரதி. முப்பது பேர் கைமாறி என்னிடம் வந்தபோது ஸ்டோர் கீப்பர், "முடிவைப் படிச்சா ரெண்டு நாளு சோறு எறங்காது சார்" என்றார்.

ஆவலோடு படித்தேன். கொலைகாரனைப் பிடிக்கும் இடத்தில் கடைசிப் பதினாறு பக்கங்கள் இல்லை. யாரும் கிழிக்கவில்லை; பைண்டிங்கிலேயே விட்டுப்போயிருந்தது.

மறுநாள் பஸ்ஸில், கொலைகாரன் யார் என்று ஸ்டோர் கீப்பரிடம் கேட்டேன். "டாக்டருதான்" என்றார். "இன்னா சார் படிச்சீங்க? பொண்டாட்டிதான கொன்னா?" என்றார் பின்சீட்டு கிரேன் ஆபரேட்டர். செத்தவர் சாகவே இல்லை என்று கேன்டீன் மேஸ்திரி அடித்துச் சொன்னார். சத்தம் பொறுக்காத டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, எழுந்து திரும்பி, "தபால்காரன்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓட்டினார்.

மனசு கேட்காமல் சென்னையில் புதுப் பிரதி வாங்கினேன். கொன்றவன், அதுவரை கதையில் தலையே காட்டாத இரட்டைச் சகோதரன். இதுதானா முடிவு என்று எனக்கே வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் சொன்னதும் கிரேன் ஆபரேட்டர் என் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "கடைக்காரன் உங்கள நல்லா ஏமாத்திட்டான் சார். இது டூப்ளிகேட்டு" என்றார் வருத்தமாக.

அடுத்த மாதம் வேலையில் சேர்ந்த அக்கவுண்டண்ட் அம்மா, அந்த நாவல் அவ்வளவு நல்லாயிருக்குமா என்று கேட்டார். பிரமாதம் என்று சொல்லி, பழைய பிரதியைக் கொடுத்தேன்.