ஒரு சீட்டுக்கு ஒரு வெர்ப்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். பிறந்த வீட்டிலும் சொன்னார்கள், புகுந்த வீட்டிலும் சொன்னார்கள். ஆனால் அந்தக் கோபம் மட்டும் இல்லாவிட்டால் முப்பத்திரண்டு வயதில், இடுப்பில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு நான் ஆங்கில இலக்கணம் படித்திருக்கவே மாட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. தாம்பரத்தை அடுத்த சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வாடகை வீடு. பாரிமுனையில் தண்ணீர் பம்ப் விற்கும் ஒரு கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. தமிழ், இங்கிலீஷ் இரண்டு மிஷினும் அடிப்பேன். ஆனால் மூன்று வருஷமாகத் தற்காலிகம்தான். இங்கிலீஷில் யாராவது எழுதிக் கொடுத்தால் ஒரு கமா பிசகாமல் அடித்துவிடுவேன். நீயாக ஒரு வரி எழுது என்றால் ஒரு வார்த்தை வராது. படித்ததெல்லாம் தமிழ் மீடியம்.

அந்த வருஷம் புது மேனேஜர் வந்தார். வந்த வாரமே தற்காலிக ஆட்களைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். "இனிமே பர்மனென்ட் ஆகணும்னா சொந்தமா ஒரு லெட்டர் இங்கிலீஷ்ல எழுதத் தெரியணும். ரெண்டு மாசம் டைம். டெஸ்ட் வைப்பேன். பாஸ் பண்ணா ஆர்டர், இல்லேன்னா அந்த மாசத்தோட சரி" என்றார். இரண்டு மாசத்தில் வேலை போய்விடும் என்று பயந்துபோனேன். வெளியே வந்ததும் ஹெட் கிளார்க் சிரித்துக்கொண்டே, "உனக்கு எதுக்கும்மா இந்தப் பாடெல்லாம்? வீட்டுக்காரர்தான் சம்பாதிக்கிறாரே, பேசாம புள்ளைய பாத்துக்கிட்டு வீட்ல இரு" என்றார். அவ்வளவுதான். பயம் போன இடம் தெரியவில்லை. இந்த மனிதர் முன்னால் அந்த ஆர்டரை வாங்கிக் காட்டாவிட்டால் நான் நானில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்தால் போதுமா? யார் சொல்லிக் கொடுப்பது? வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் நிலைமை என்னைவிட மோசம். "எனக்கு எஸ், நோ ரெண்டும் தெரியும், அதுல எஸ் உன்கிட்ட மட்டும் சொல்வேன்" என்றார்.

தாம்பரத்தில் இருந்துதான் எங்கள் மின்சார ரயில் புறப்படும். அதனால் தாம்பரத்துக்காரர்களுக்கு உட்கார இடம் நிச்சயம். குரோம்பேட்டையில் ஏறுகிறவர்கள் தொங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். லேடீஸ் பெட்டியில் அப்படி தினமும் குரோம்பேட்டையில் ஏறி, என் தலைக்கு மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் ஒரு பெண். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். நுங்கம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். நின்றபடியே நோட்டுகளைத் திருத்துவாள். சிவப்புப் பேனாவால் அவள் போடும் சுழிகளைப் பார்த்துக்கொண்டே வந்த எனக்கு ஒரு நாள் பளிச்சென்று யோசனை வந்தது.

"டீச்சர், நாளையிலேர்ந்து உங்களுக்கு நான் இடம் பிடிச்சு வைக்கிறேன். பதிலுக்கு எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவீங்களா?"

அவள் யோசிக்கக்கூட இல்லை. "ஜன்னலோரமா அக்கா?"

"ஜன்னலோரம்தான்."

"அப்போ ஒரு சீட்டுக்கு ஒரு வெர்ப்" என்றாள். "வினைச்சொல் புரிஞ்சா பாதி இங்கிலீஷ் முடிஞ்சுது. மீதியை டிக்‌ஷனரி பார்த்துக்கும்."

மறுநாள் என் டிபன் பையை ஜன்னலோரம் வைத்தேன். சானடோரியத்தில் ஏறிய இரண்டு பேர் என்னை முறைத்தார்கள். நானும் முறைத்தேன். குரோம்பேட்டையில் மகாராணி மாதிரி வந்து உட்கார்ந்தாள் டீச்சர்.

முதல் பாடத்துக்குப் புத்தகமே இல்லை. "சுத்திப் பாருங்க, யார் என்ன செய்யறாங்க?" என்றாள். எதிரே ஒருத்தி பூத் தொடுத்தாள். ஒருத்தி பீன்ஸ் நறுக்கினாள். ஒருத்தி இட்லியை விண்டு வாயில் போட்டாள். ஒருத்தி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். டை, கட், ஈட், ஸ்லீப். "இதெல்லாம் ஆக்‌ஷன் வெர்ப்." அட, இவ்வளவுதானா! எனக்கு ஒரே குஷி. அன்றைக்கு வீடு திரும்பி, குக்கரிலிருந்து குழந்தைவரை எல்லாரும் என்ன செய்கிறார்கள் என்று இங்கிலீஷில் சொல்லித் தீர்த்துவிட்டேன். வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

இரண்டாம் நாளே சண்டை. செய்வதற்கு ஒன்றுமே இல்லாமல் சும்மா நடுவில் நிற்கும் வெர்ப் ஒன்று உண்டாம். ஆம், இஸ், ஆர். "நான் டைப்பிஸ்ட். தமிழ்ல முடிஞ்சுபோச்சே. நடுவுல இந்த ஆம் எதுக்கு? வெட்டிப்பய" என்றேன்.

"வெட்டி இல்லக்கா. அந்தப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் புடிச்சுக்கிட்டு நிக்குது. இந்த ரெண்டு பெட்டிக்கு நடுவுல கொக்கி இருக்கே, அது ஏதாவது வேலை செய்யுதா? அதைக் கழட்டிப் பாருங்க தெரியும்."

அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்த ஆம் எனக்கு மறந்ததில்லை.

அடுத்தது டிரான்சிட்டிவ், இன்டிரான்சிட்டிவ். பெயரைக் கேட்டதும் இது நமக்கு ஆகாது என்று நினைத்தேன். அவள் சொன்னாள்: "தூங்குன்னு சொன்னா தூங்கிடலாம். வைன்னு சொன்னா? எதை வைக்கணும்னு கேப்பீங்கல்ல?" நான் துள்ளிவிட்டேன். இது எனக்குத் தெரியும்! செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை. எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து, அர்த்தம் தெரியாமலே நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியது! இருபது வருஷம் கழித்துப் பரங்கிமலை ஸ்டேஷனில் அதற்கு அர்த்தம் கிடைத்தது. நான் போட்ட சத்தத்தில் எதிரே தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து, "மாம்பலம் வந்துடுச்சா?" என்றாள்.

பெட்டியில் கூடை வைத்துக் கொய்யா விற்கும் அம்மா ஒருத்தி உண்டு. என் முணுமுணுப்பை ஒரு வாரமாகப் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டாள். "இன்னாமே, தெனமும் வாய்க்குள்ளயே பேசிக்கினு வர்ற? மந்திரமா?"

"இங்கிலீஷும்மா. டெஸ்ட் இருக்கு."

"பேஜாரு புடிச்ச வேலையா கீதே! இந்தா, ஒரு கொய்யா துன்னு. தெம்பா படி" என்று பெரிதாக ஒன்றை மடியில் போட்டாள்.

பிறகு வந்தன, இறந்த காலத்தில் உருவமே மாறிவிடும் அடங்காப்பிடாரி வெர்ப்கள். ஒழுங்காக எல்லாவற்றுக்கும் ஒரே வால் ஒட்டினால் என்ன கெட்டுப்போகிறது? கோ, வென்ட், கான். ப்ரிங், பிராட், பிராட். டீச்சர் ஒரு வழி செய்தாள். ஸ்டேஷனுக்கு ஒன்று. பல்லாவரம் தாண்டுவதற்குள் கோ, மீனம்பாக்கத்தில் ப்ரிங், கிண்டியில் டீச், சைதாப்பேட்டையில் ரைட். நுங்கம்பாக்கத்தில் அவள் இறங்கிவிடுவாள். அங்கிருந்து, நான் இறங்கும் பீச் ஸ்டேஷன் வரைக்கும் நான் மட்டும் திருப்பிச் சொல்லிக்கொண்டு போவேன்.

ஒரு நாள் நான் தப்பாகச் சொன்ன ஒரு வாக்கியத்தை அவள் அப்படியே சத்தமாகச் சொல்லிக் காட்டிச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அவளோடு பேச்சை நிறுத்தினேன். மறுநாள் பையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் இடத்தில் வேறொருத்தியை உட்காரச் சொன்னேன்.

குரோம்பேட்டையில் ஏறினாள். பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரயில் பல்லாவரத்தில் நின்றது. அவள் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தபடி, "ஸ்பீக், ஸ்போக், ஸ்போக்கன்" என்றாள். மீனம்பாக்கத்தில், "பிரேக், ப்ரோக், ப்ரோக்கன்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை, ஒரு ஸ்டேஷனை விடவில்லை மகராசி! நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கொய்யா அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னா சண்டமே இது? அந்தப் பொண்ணு நின்னுகினே பாடம் எடுக்குது, நீ சொகுசா குந்திகினு கீற! வெக்கமா இல்ல?"

பெட்டி முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு பீறிட்டது. டீச்சரின் முந்தானையைப் பிடித்து இழுத்து, நகர்ந்து, பாதி இடத்தில் உட்கார வைத்தேன். "ஸாரிக்கா" என்றாள். "நீ ஒண்ணும் சொல்லாத, ஃபர்கிவ்வுக்கு பாஸ்ட் சொல்லு" என்றேன். அன்றிலிருந்து அவள் எனக்கு வாங்க போங்க இல்லை, வா போதான்.

டெஸ்ட் நாள் வந்தது. வேலூர் டீலருக்குப் பம்ப் அனுப்பத் தாமதமாகும் என்று ஒரு கடிதம் எழுத வேண்டும். பேனாவை எடுத்ததும் தலை காலி. கண்ணை மூடினேன். ரயில் ஆட்டம் உடம்பில் வந்தது. யார் செய்தது, என்ன செய்தது, எதைச் செய்தது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பதினோரு வரி. சொந்த வரி. பிறகு மேனேஜர் உள்ளே கூப்பிட்டு இங்கிலீஷில் கேட்டார்: உங்களை ஏன் நிரந்தரம் ஆக்க வேண்டும்? மனப்பாடம் செய்த பதில் மூன்று வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "பிகாஸ் ஐ ஆம் குட், சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஆர்டர் கைக்கு வந்தது! ஹெட் கிளார்க்தான் கொடுத்தார். அவரே டைப் அடித்து, மேனேஜர் கையெழுத்தும் வாங்கியிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "படிச்சுப் பாத்து, கீழ கையெழுத்துப் போட்டு, திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள குடுத்துடு. ஃபைலுக்குப் போனாத்தான் செல்லும்" என்றார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் அக்கம்பக்கத்துக்கெல்லாம் லட்டு கொடுத்தார், இங்கிலீஷ் பேசும் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு.

திங்கட்கிழமை. குரோம்பேட்டையில் டீச்சர் ஏறியதும் கவரை நீட்டினேன். கூட்டத்தில் யாரோ பூ கொடுத்தார்கள், யாரோ கன்னத்தைக் கிள்ளினார்கள், நான் அவர்களுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கிறேன், டீச்சர் நோட்டுக் கட்டை மடியில் வைத்து, அதன் மேல் என் ஆர்டரை விரித்து, சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, மேலே எழுதிக்கொண்டிருக்கிறாள்!

"அடிப்பாவி! ஒரிஜினல்டீ அது!"

அவள் பேனா அப்படியே நின்றது. அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஹெட் கிளார்க் ஏதோ பழைய ஆர்டரைப் பார்த்து அடித்திருக்கிறார். ஷீ இருந்த இடத்தில் யூ போட்டவர், பக்கத்தில் இருந்த ஹேஸை ஹேவ் ஆக்காமல் அப்படியே விட்டுவிட்டார். தினமும் நூறு நோட்டு திருத்துகிற கை, தானாகப் போய்விட்டது. "கை பழக்கம்க்கா..." என்றாள். கண்ணில் தண்ணீர். பெட்டியில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பிளேடால் சுரண்டு என்றாள் ஒருத்தி. எச்சில் தொட்டுத் துடை என்றாள் இன்னொருத்தி. "கொய்யா எல வச்சு தேச்சா போவுமா பாரு" என்றாள் கூடைக்காரம்மா. நான் யாரையும் தொட விடவில்லை. பீச் ஸ்டேஷன்வரை கவரை மார்போடு அணைத்துக்கொண்டு போனேன். மேனேஜர் கையெழுத்துப் போட்ட தாள். அதில் போய்த் தப்புக் கண்டுபிடித்துச் சிவப்பு மையில் திருத்தம். மனிதர் கிழித்துப் போட்டால்?

நேராக அவர் அறைக்குப் போய் மேஜையில் வைத்தேன். பார்த்தார். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். "ஹூ டிட் திஸ்?"

"மை டீச்சர் டிட் இட், சார். ஷீ கரெக்ட்ஸ் எவ்ரிதிங்" என்றேன். பயத்தில்கூட வெர்ப் சரியாக வந்தது.

மணி அடித்து ஹெட் கிளார்க்கை வரவழைத்தார். அவர் வட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருமிக்கொண்டார். மேனேஜரால் அடக்க முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. "சரியாத்தானே திருத்தியிருக்காங்க. புதுசா அடிச்சுக் கொண்டு வாங்க" என்றார். ஹெட் கிளார்க் தாளை எடுக்கக் கை நீட்டினார். "நீங்க வேண்டாம். அவங்களே அடிக்கட்டும்" என்றார் மேனேஜர்.

என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று வருஷத்தில் எத்தனை பேருக்கு ஆர்டர் அடித்திருக்கிறேன்! அன்றைக்குத்தான் என் பெயரை அடித்தேன். ஒவ்வொரு எழுத்தாக, ஒற்றை விரலால் அடிக்கிற புதுப் பிள்ளை மாதிரி மெதுவாக அடித்தேன். கண் மறைத்தது, துடைத்துக்கொண்டேன். விதிப்படி மூன்று பிரதி. ஃபைலுக்கு ஒன்று, தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நான் இன்னொரு கார்பனும் வைத்து நான்காக அடித்தேன். நான்காவது அவளுக்கு.