மயங்கிக் கிடந்த மதியம்

நான் எடுத்த சீட்டில் 'மயங்கியவர்' என்று எழுதியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஓட வேண்டாம், பேச வேண்டாம், படுத்துக் கிடந்தால் போதும்.

அப்போது அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் இருந்தேன். லைனில் தைத்து வரும் பனியன்களை முதலில் நான்கு டேபிள்களில் பார்ப்பார்கள். அவர்கள் சரி என்று விட்டதை நான் இன்னொரு முறை பார்ப்பேன். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று எது கண்ணில் பட்டாலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ட்யூப் லைட்டுக்குக் கீழே நாள் முழுக்க இப்படிப் பார்த்துப் பார்த்து, வீட்டுக்குப் போனாலும் என் கண் சுவரில் கறை தேடிக்கொண்டிருக்கும்.

அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் மிஷின்களை நிறுத்திவிட்டார்கள். வேலையிடத்தில் யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று ஆளுக்கொரு வேடம் ஏற்று நடித்துப் பழகும் பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்தவர் காங்கேயத்துப் பெண். முன்பு நர்ஸாக இருந்தவர், முப்பது வயதுதான் இருக்கும். ஒரு எவர்சில்வர் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எங்களை எடுக்கச் சொன்னார். பேக்கிங்கில் இருக்கும் இரண்டு ஆண்களுக்கு ஸ்ட்ரெச்சர் தூக்கும் வேலை வந்தது. 'முதலில் பார்ப்பவர்' என்ற சீட்டு நாலாம் டேபிள்காரிக்கு வந்தது.

சீட்டைப் படித்துவிட்டு அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளுடையது தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒரே பஸ்ஸில் ஒட்டி உட்கார்ந்து வந்துகொண்டிருந்தவர்கள் நாங்கள். மூன்று மாதமாகப் பேச்சு இல்லை. ஒருநாள் அவள் டேபிளிலிருந்து வந்த பனியன் கட்டுக்குள் முதுகு முழுக்கக் கறையோடு ஒரு பீஸ் இருந்தது. "இது எந்த டேபிள்ல பாத்ததுங்க?" என்று சூப்பர்வைசர் கேட்டார். கட்டோடு தொங்கிய டிக்கெட்டில் டேபிள் நம்பரைப் பார்த்து "நாலுங்க" என்றேன். லைனே திரும்பிப் பார்க்க அவளை நிற்க வைத்துத் திட்டினார். மறுநாள் அவள் பஸ்ஸில் பின்சீட்டுக்குப் போய்விட்டாள். நான் என் வேலையைத்தானே செய்தேன் என்று நானும் விட்டுவிட்டேன்.

மற்ற எல்லோரையும் வெளியே மைதானத்துக்கு அனுப்பினார்கள். கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் என்னை மல்லாந்து படுக்கச் சொன்னார் பயிற்சிக்காரர். தரையில் பழைய துணி விரித்திருந்தது.

"கண்ணத் தொறக்கவே கூடாதுங்க. யாரு கூப்புட்டாலும் பதில் சொல்லக் கூடாதுங்க."

நாலாம் டேபிள்காரியிடம் சொன்னார்: "மயங்குனவங்களுக்கு நாம பேசறது கேட்டாலும் கேக்குமுங்க. ஸ்ட்ரெச்சர் வர்ற வரைக்கும் பேசிட்டே இருக்கோணும். நிறுத்தீறக் கூடாது, சரிங்களா?"

கண்ணை மூடினேன். இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நான் கண்ணை மூடியது அதுதான் முதல்முறை. மிஷின் சத்தம் இல்லாத இடம் வேறு ஏதோ ஊர் போல இருந்தது. கூரைத் தகரத்தில் புறாக்கள் நடந்தன. நின்றுகொண்டிருந்த ஃபேன் ஒன்று காற்றுக்குத் தானாக அசைந்து முனகியது. கூரையில் பதித்திருந்த ஃபைபர் ஷீட் வழியாக வெயில் இமைமேல் விழுந்து, உள்ளே எல்லாம் ஆரஞ்சு நிறமாக இருந்தது. புதுத்துணி வாசம். பஞ்சுத் தூசி ஒன்று கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததுகூடத் தெரிந்தது. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை விட்டு மேலே வருவது போல, தண்ணீரில் கிடப்பது போல இருந்தது.

தோளில் இரண்டு கைகள் தட்டின.

"அக்கா, கேக்குதா உங்களுக்கு? கண்ண முழிச்சுப் பாருங்க."

மூன்று மாதம் கழித்து அவள் என்னை அக்கா என்றாள். சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கும் குரல். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். "ஆளு மயங்கிக் கெடக்காவ, ஓடி வாங்க!" என்று கத்தினாள். ஸ்ட்ரெச்சர் எடுக்க அந்த இரண்டு ஆண்களின் காலடிகள் ஓடின. கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்து ஒரு குரல், ஸ்ட்ரெச்சர் பக்கத்து ஸ்டோர் மாடியில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது என்றது. பயிற்சிக்காரரின் செருப்புச் சத்தமும் படியேறிப் போனது. "பேச்ச நிறுத்தாதீங்க, வந்தர்றேன்!"

பெரிய அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"பயப்படாதீங்க, வந்துருவாவ," என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள். பிறகு, "நான் என்னத்தப் பேச?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

"எங்க ஊர்ல இந்நேரம் அளத்துல உப்பு வாருவாவ. மதியத்துல அங்க நிக்கவே முடியாது, கண்ணு கூசும். எங்கம்மை தலையில துண்டப் போட்டு மூஞ்சிய மூடிக்கிட்டுதான் வேல பாப்பா. சின்னப் பிள்ளையில அந்தக் கூட்டத்துல எங்கம்மை யாருன்னே எனக்குத் தெரியாது. நடைய வச்சிக் கண்டுபிடிப்பேன்."

இமைக்குள் ஆரஞ்சு வெளுத்து வெள்ளையானது. உப்பளத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அன்று பார்த்தேன். பிரித்துப் போட்ட துணி உருளைகள் போல வெள்ளை வெள்ளையாகப் பாத்திகள், நடுவில் முகம் மூடிய பெண்கள். தூங்கிக்கொண்டிருந்தேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவள் குரல் அந்த வெள்ளைக்கு மேலே நடந்து நடந்து வந்தது.

"அன்னைக்கு அந்த பீஸப் பாத்தது நான் இல்லக்கா."

தூக்கம் கலைந்தது. கண் மட்டும் மூடியே இருந்தது.

"பையனுக்குக் காய்ச்சல்னு பள்ளிக்கூடத்துல இருந்து போன். வெளிய போய்ப் பேசிட்டு இருந்தேன். கட்டு தேங்கிறக் கூடாதுன்னு பக்கத்து டேபிள் ஒரிசாப் புள்ள எனக்காகப் பாத்து வச்சிருக்கா. அவ வந்து அப்ப ஒரு வாரந்தான். அவளக் காட்டிக்குடுக்க மனசு வரல. சரி, திட்டத்தான செஞ்சாரு, போவட்டும்."

பெருமூச்சு விட்டாள்.

"நீங்க நம்பரச் சொன்னது தப்பில்ல. டிக்கெட்டுல இருந்ததத்தான் சொன்னிய. ஆனா என்னய ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கலாம்லா. என்னாச்சி புள்ளன்னு கேட்டிருக்கலாம்லா."

எழுந்து உட்கார்ந்து ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லியிருந்தால், அதற்கு இப்படி, இதற்கு அப்படி என்று காரணம்தான் சொல்லியிருப்பேன். என்னை நான் அறிவேன். பேசக் கூடாது என்ற விதி இருந்ததால் அவள் சொன்னதை முழுசாகக் கேட்டேன். நான் டிக்கெட்டைப் பார்த்தேன், சூப்பர்வைசரைப் பார்த்தேன், அவளைப் பார்க்கவில்லை. உண்மைதான். கண்ணோரத்தில் சூடாக ஒன்று கிளம்பிக் காதுக்குள் இறங்கியது.

அவள் துப்பட்டா நுனியால் அதைத் துடைத்தாள்.

"மயங்கினவிய அழக் கூடாதுக்கா. நமக்கு மார்க் போயிரும்," என்றாள். குரலில் சிரிப்பு இருந்ததா அழுகை இருந்ததா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அப்போது ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. நாலு கைகள் என்னை உருட்டி ஏற்றின. குழந்தையாக இருந்தபோது யாராவது தூக்கியிருப்பார்கள், அதற்குப் பிறகு என்னை யாரும் தூக்கியதில்லை. மேஜைகளையும் மிஷின்களையும் தாண்டி மிதந்து போனேன். வாசல் தாண்டியதும் வெயில் முகத்தில் வெதுவெதுவென்று பரவியது. மைதானத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். என் மணிக்கட்டைப் பிடித்தபடியே கூட வந்த அவள் கை மட்டும் தட்டப் போகவில்லை.

"இப்பக் கண்ணத் தொறக்கலாமுங்க," என்றார் பயிற்சிக்காரர். "உங்களுக்கு என்னென்ன கேட்டுச்சுன்னு எல்லாருக்கும் சொல்லுங்க."

"எல்லாமே கேட்டுச்சுங்க," என்றேன். அவர் அதையே எடுத்துக்கொண்டு, பாத்தீங்களா, பேச்சு எவ்வளவு முக்கியம் என்று விளக்கத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மனசில் ஓட்டிப் பார்த்தேன். சூப்பர்வைசரிடம் போய் உண்மையைச் சொன்னால் ஒரிசாப் பெண் மாட்டிக்கொள்வாள். இத்தனை நாள் நாலாம் டேபிள்காரி காப்பாற்றி வைத்ததை நான் உடைக்கக் கூடாது. திங்கட்கிழமை மணி அடிப்பதற்கு முன்பே நாலாம் டேபிளுக்குப் போய் நின்றேன்.

"அன்னைக்கு நானு உன்னயக் கேட்டிருக்கோணும் கண்ணு. கேக்காம உட்டது என்னோட தப்புதான்."

அவள் டேபிள் லைட்டைப் போட்டாள். கையிலிருந்த பனியனை விரித்து, மடித்து, மறுபடி விரித்தாள்.

"அது சும்மா ட்ரெய்னிங்குக்குப் பேசினதுக்கா," என்றாள்.

"சரி," என்றேன். நகரவில்லை.

"பையனுக்கு இப்பக் காய்ச்சலெல்லாம் இல்ல," என்றாள் கொஞ்சம் கழித்து. "நல்லா இருக்கான்."

அதன் பிறகு, கறையோடு பீஸ் கிடைத்தால் நம்பரைச் சொல்வதற்கு முன் நானே அந்த டேபிளுக்கு நடந்துபோய்க் கேட்டுவிட்டு வருவேன். ஒரு பீஸுக்கு இவ்வளவு நேரமா என்று சூப்பர்வைசர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்த வாரமே சாப்பாட்டு நேரத்தில் மறுபடி சேர்ந்து உட்கார்ந்தோம். அவள் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள். எங்கள் வீட்டில் அதன் வாசமே ஆகாது. "கொழம்பு மட்டும் ஊத்திக்கிறியளா?" என்று கேட்டாள். ஊற்றிக்கொண்டேன். ஒரு வாய் வைத்ததும் என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். தட்டோடு வந்த ஒரிசாப் பெண் எங்கள் முன்னால் உட்கார்ந்து, பாதித் தமிழில் கேட்டாள்: "அக்கா, என்ன? எதுக்கு சிரிக்குது?"

நாங்கள் நகர்ந்து அவளுக்கும் இடம் விட்டோம்.