கீழ்வீடு கேட்ட ஃப்ளூரெட்

கோடை வந்துவிட்டால் தெருவின் எதிர்ப்பக்கம் நாலு பேராவது நின்று எங்கள் வீட்டுப் படிக்கட்டைப் படம் பிடிக்காத நாள் கிடையாது. வீட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டி வளைந்து வளைந்து மேல்மாடிவரை போகும் இரும்புப் படி அது. "என்ன அழகு, என்ன அழகு" என்று சொக்கிப்போவார்கள். அவர்களைப் பிப்ரவரியில் வரச் சொல்லுங்கள். கைக்கு ஒரு மளிகைப் பையோடு, பனி உறைந்து கண்ணாடியாகிக் கிடக்கும் அந்தப் படியில் ஒரு தடவை ஏறட்டும். அழகைப் பற்றி அப்புறம் பேசலாம்.

மாண்ட்ரியலில் பிறந்தவன் நான். ஊரின் ரோடுகளைத் தோண்டியும் மூடியும் சம்பளம் வாங்கியவன், அதனால் இந்த ஊரைத் திட்ட எனக்கு முழு உரிமை உண்டு. குழிகள், ரோட்டை மறிக்கும் ஆரஞ்சுக் கூம்புகள், ஆறு மாதக் குளிர், இடிந்து விழும் பாலங்கள் என்று தினமும் ஏதாவது ஒன்றைப் பிடித்துத் திட்டுவேன். வெளியூர்க்காரன் எவனாவது திட்டினால் மட்டும் பொறுக்காது. எங்கள் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான்.

விதிவிலக்கு, நடுமாடியில் இருக்கும் எனக்கு மேல்வீட்டில் இருந்த ஃப்ளூரெட். நகர நடுவில் ஒரு பெரிய ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை. சின்ன வயசில் வடக்கிலிருந்து வந்து சேர்ந்து, முட்டி தேய்கிறவரை அங்கேயே படுக்கை விரித்தாள். கல்யாணம் ஒன்று ஆனது. புருஷன் மேற்கே ஆல்பெர்ட்டாவுக்கு வேலை தேடிப் போனான், போனவன் போனவன்தான். அவளுக்குத் தெரிந்த மாண்ட்ரியல் முழுக்க விருந்தாளிகள் வாயால் கேட்ட மாண்ட்ரியல். ஜப்பான்காரி ஒருத்தி ஊர் நடுவில் இருக்கும் மலையில் இலைகள் சிவந்ததைப் பார்த்து அழுதாளாம். மெக்ஸிகோக்காரர் ஒருவர் முதல்முறை பனி விழுவதைப் பார்த்து, அறைக்குள் சட்டையில்லாமல் ஆடினாராம். இதையெல்லாம் மேல்படியில் உட்கார்ந்துகொண்டு எனக்குச் சொல்வாள்.

"உலகமே காசு குடுத்து வந்து பாக்குது லூசியன். நீ ஓசில இருந்துக்கிட்டு மூக்கால அழற."

"அவங்க நாலு நாள்ல கிளம்பிருவாங்க. நாலு நாள்னா மாமியார் வீடும் சொர்க்கம்தான்."

"உனக்குக் கண்ணு இருக்கு, பாக்கத் தெரியல" என்பாள். எங்கள் சண்டை வருஷக்கணக்காக இந்த அளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவளிடம் தோற்றதுபோல் எழுந்து போவேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவே இருக்கும்.

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவள் அந்தப் படியில் வழுக்கி, என் வாசல்வரை உருண்டு வந்தாள். எலும்பு முறியவில்லை, ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்த முட்டி அத்தோடு முடிந்தது. பனி விழ ஆரம்பித்தால் மேலேயே அடைந்து கிடப்பாள். ரொட்டியும் பாலும் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஈஸ்டர்வரை தெருவைக் காலால் தொட மாட்டாள். அப்போதிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. கீழ்வீடு. வாசலைத் திறந்தால் தெருவாக இருக்க வேண்டும்.

கீழ்வீட்டில் இருந்தவர் வீட்டுச் சொந்தக்காரர் ஒனெசிம். எண்பதைத் தாண்டியவர், நல்ல மனுஷர். முதியோர் இல்லத்துக்குப் போக முடிவு செய்திருந்தார். ஒரு நாள் பட்டாணி சூப் கொண்டுபோன ஃப்ளூரெட்டிடம், "ஜூலைல நான் கிளம்பிருவேன். இந்த வீடு உனக்குத்தான். மேல்வீட்ட விடறேன்னு எழுதிக் குடுத்துரு, நான் அதுக்கு ஆள் பாத்துக்கறேன்" என்றார்.

எங்கள் ஊரில் வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஜூன் கடைசியில் முடியும். ஜூலை முதல் தேதி ஊரே வீடு மாற்றும். ஆனால் வாயைத் திறக்காமல் இருந்தால் ஒப்பந்தம் தானாகவே அடுத்த வருஷத்துக்கு நீளும், யாராலும் நம்மைக் கிளப்ப முடியாது. போகிறேன் என்று நாமே எழுதிக் கொடுத்தால்தான் வீடு போகும். பத்து வயசுப் பிள்ளைக்கும் இது தெரியும். ஃப்ளூரெட்டுக்கும் தெரியும். தெரிந்தும் மார்ச் மாதம் எழுதிக் கொடுத்தாள். கீழ்வீட்டுக்கு ஒப்பந்தம் கேட்டு வாங்கவில்லை.

"முதல்ல அதக் கையில வாங்கு, அப்புறம் இத விடு" என்று நான் சொன்னேன்.

"ஒனெசிம்கிட்டப் போய்க் கையெழுத்து கேக்கறதா? அவர் என்ன நினைப்பாரு? முப்பது வருஷப் பழக்கம்டா."

ஒரு வாரத்தில் மேல்வீட்டை இரண்டு கல்லூரி மாணவிகள் வந்து பார்த்தார்கள். படிக்கட்டைப் பார்த்ததுமே அவர்களுக்குப் பிடித்துப் போய்விட்டது, அன்றைக்கே கையெழுத்து ஆனது. ஃப்ளூரெட் ஜன்னல் திரைக்குத் துணி எடுத்தாள். கீழ்வீட்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்வேன் என்றும், போகிறவர் வருகிறவரோடு பேசுவேன் என்றும் சொன்னாள்.

ஏப்ரலில் ஒனெசிமுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. உயிர் பிழைத்தார், ஆனால் யாரையும் அடையாளம் தெரியவில்லை. பொறுப்பு எல்லாம் அவர் அண்ணன் மகன் யானிக் கைக்கு வந்தது. மே மாதம் கீழ்வீட்டில் சுவரை உடைக்கும் சத்தம் கேட்டது. ஃப்ளூரெட் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள், நானும் பின்னாலேயே போனேன்.

யானிக் மரியாதை தெரிந்த பையன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். காபி கொடுத்தான். "சித்தப்பா என்கிட்ட எதுவும் சொல்லல மதாம். பேப்பர் ஏதாவது இருக்கா?"

"வாய்ப்பேச்சுதான்."

"கீழ்வீட்ட ஊர் பாக்க வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். இந்தத் தெருவுக்கு எவ்வளவு கிராக்கின்னு உங்களுக்குத் தெரியாததில்லையே. ஊர் அவ்ளோ அழகா இருக்கு."

ஊர் அழகு என்றால் ஃப்ளூரெட் எப்படி மறுப்பாள்? தலையாட்டினாள். நான்தான் கத்தினேன். எங்களுக்குக் கோபம் வந்தால் மாதா கோயில் சாமான்களின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவோம். அன்றைக்குப் பூசைப் பாத்திரத்திலிருந்து நற்கருணைப் பேழைவரை ஒன்றையும் நான் விடவில்லை.

"அப்ப அவ மேல்வீட்டையாவது திருப்பிக் குடு" என்றேன்.

"அந்தப் பொண்ணுங்க கையெழுத்துப் போட்டாச்சே சார்."

வாடகைக்காரர்களுக்கு உதவுகிற சங்கத்துக்கு அவளை டாக்சியில் கூட்டிப் போனேன். அங்கே இருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போறேன்னு எழுதினது நீங்கதானே?" என்று மெதுவாகக் கேட்டாள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. எனக்கு ஃப்ளூரெட்மேலேயே கோபம் வந்தது, அதை மறைக்கவும் எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூனில் அவளால் கொடுக்க முடிகிற வாடகையில் இந்தப் பேட்டையில் கோழிக்கூண்டுகூடக் கிடைக்காது. கடைசியில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஜோலியெத்திலிருந்து அவள் தம்பி போன் செய்தான். வீட்டுக்கு அடியில், நிலவறையில், ஒரு அறை இருக்கிறது என்றான்.

ஜூலை முதல் தேதி வழக்கம்போல் வெயில் கொளுத்தியது. தெரு முழுக்க லாரி, மெத்தை, ஃபிரிட்ஜ். மாணவிகளின் நண்பர்கள் சோபாவை மேலே கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஃப்ளூரெட்டின் சாமான்கள் நடைபாதையில் கிடந்தன, அவள் தன் கட்டில் சட்டத்தின்மேல் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து, சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு கீழ்வீட்டின் முதல் விருந்தாளிகள் வந்தார்கள். பிரான்சிலிருந்து வந்த நடுவயசுத் தம்பதி.

"இது என்ன, திருவிழாவா?" என்று அந்த அம்மாள் சிரித்தபடி கேட்டாள்.

"எல்லாரும் வீடு மாத்தறாங்க மதாம். வருஷா வருஷம் இந்தத் தேதிக்குத்தான்" என்றாள் ஃப்ளூரெட்.

"எவ்வளவு ஜாலியான ஊர்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு அந்த அம்மாள் பூட்டோடு மல்லாடினாள். எண்களை அழுத்தித் திறக்கிற புதுப் பூட்டு. ஃப்ளூரெட் எழுந்து நொண்டிக்கொண்டே போய், எண்களைக் கேட்டுத் திறந்து கொடுத்தாள். அவள் ஹோட்டலிலும் அதே மாதிரிப் பூட்டுதான். கதவு திறந்ததும் உள்ளே ஒரு நிமிஷம் பார்த்தாள். வெள்ளைச் சுவர், சுவரில் எங்கள் படிக்கட்டின் பெரிய படம். ரொட்டி நல்லா இருக்கிற கடை எது என்று கணவர் கேட்டார். சொன்னாள், வழியும் காட்டினாள். பிறகு திரும்பி வந்து கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தாள். நான் லாரியில் பெட்டி ஏற்றுகிற சாக்கில் தள்ளிப் போய்விட்டேன்.

அக்டோபரில் பஸ் பிடித்து ஜோலியெத் போனேன். தம்பி வீட்டுக்குப் பின்னால் கதவு, அதைத் திறந்தால் செங்குத்தான மரப்படி கீழே இறங்குகிறது. சுவரின் உச்சியில் கையகல ஜன்னல். அதில் தெரிந்தது புல்லின் அடி மட்டும்தான்.

"கீழ்வீடு கேட்டேன். கடவுளுக்குக் காது மந்தம், ரொம்பவே கீழ குடுத்துட்டாரு" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வந்ததிலிருந்து எத்தனை தடவை மேலே ஏறினாள் என்று கேட்டதற்கு, மாதா கோயிலுக்கு ஒரு தடவை என்றாள்.

அவள் முகத்தில் பழைய உயிரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அதனால் ஊரைத் திட்டினேன். நம் தெருவை மறுபடி தோண்டிவிட்டார்கள், கூம்பு நட்டுவிட்டார்கள், பிணத்தைப் புதைக்கிற மாதிரி ரோட்டைப் புதைக்கிறார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். எனக்குக் கண் இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று காத்திருந்தேன்.

"ஆமா லூசியன்," என்றாள். "நீ சொல்றது சரிதான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வா, இலையெல்லாம் சிவந்து கிடக்கிறது, டாக்சி வைத்து மலைக்குப் போகலாம், என் வீட்டிலேயே தங்கலாம் என்று கூப்பிட்டேன். போர்வையை முட்டிமேல் இழுத்து விட்டுக்கொண்டு, நாலு பக்கமும் சுருக்கமில்லாமல் நீவினாள்.

"எதுக்கு? வந்தா நானும் நாலு நாள் விருந்தாளிதானே."